எதற்காக என்று கேட்போம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

   

இலக்கியச் சுவை பருகும் ஆவலோடு கூடியிருக்கும் இந்த அவையில், மென்பொருள் எழுதிப் பிழைக்கும் ஒருவனைப் பேச அழைத்தது செயலாளர் அவர்களின் பெருந்தன்மை. "உங்கள் தொழிலைப் பற்றியே பேசுங்கள், ஆனால் எங்கள் வீட்டுப் பாட்டிக்கும் அது விளங்கவேண்டும்" என்று அவர் ஒரு நிபந்தனை விதித்தார். அந்த நிபந்தனையை மீறாமலிருக்க முயல்கிறேன். மீறினால் பாட்டிமார்கள் பொறுத்தருள வேண்டும்.

என் தந்தையார் வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து சாந்திபுரத்துக்குக் குடிவந்தவர். அங்கே ஒரு சிறு மளிகைக் கடை வைத்திருந்தார். ஆந்திரம், கருநாடகம், தமிழகம் ஆகிய மூன்று மாநிலங்களும் கை கோத்து நிற்கும் மூலை எங்கள் குப்பம் பகுதி. கடைக்கு வருவோரில் ஒருவர் தமிழில் கேட்பார். அடுத்தவர் தெலுங்கில் கேட்பார். மூன்றாமவர் இரண்டையும் கலந்து கேட்பார். எவர் எந்த மொழியில் வந்து "கயிறு கொடுங்கள்" என்றாலும், என் தந்தையார் உடனே கயிற்றை அளந்து வெட்டிவிட மாட்டார். "எதற்கு அண்ணா? கிணற்றுக்கா, மாட்டுக்கா?" என்று கேட்பார். தெலுங்கர் என்றால், "எந்துகு அண்ணா?" என்பார். கிணற்றுக்கு என்றால் தாம்புக் கயிறு, கன்றுக்கு என்றால் கழுத்தை அறுக்காத மெல்லிய கயிறு, பந்தலுக்கு என்றால், "நான்கு நாளுக்குத்தானே? சணல் போதும், காசை வீணாக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்புவார். அந்தக் கேள்வியைக் கேட்டு எவரும் கோபித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. தம் வேலை நன்றாக நடக்கவேண்டும் என்ற அக்கறையினால் கேட்கப்பட்ட கேள்வி அது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

என் தொழிலின் சாரம் முழுவதும் அந்தக் கயிற்றுக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது என்பதை நான் மிகவும் பிந்தித்தான் உணர்ந்தேன். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

மென்பொருள் என்பது யாது? கணிப்பொறி இன்னின்னவாறு செயற்பட வேண்டும் என்று நாம் எழுதித் தரும் கட்டளைகளின் தொகுதி. ஒரு வீட்டைக் கட்டிக் குடிவைத்த பின்னர், குடிவந்தவர், "இந்தச் சுவரில் ஒரு சன்னல் வேண்டும்" என்று கேட்பதுண்டு அன்றோ? அதுபோலவே, மென்பொருளைப் பயன்படுத்துவோர், "இங்கே ஒரு பொத்தான் வேண்டும், அங்கே ஒரு கட்டம் வேண்டும், இந்த அச்சுத்தாளில் இன்னொரு வரி வேண்டும்" என்று நாள்தோறும் கேட்பார்கள். இதனை மாற்றக் கோரிக்கை என்போம். சன்னல் கேட்டவருக்கு வேண்டியது வெளிச்சமாக இருக்கலாம், காற்றாக இருக்கலாம், கொட்டிலில் கட்டிய கன்றை உள்ளிருந்தே பார்த்துக்கொள்ளும் வசதியாகவும் இருக்கலாம். சுவரை இடிப்பதற்கு முன்னால் அதைத் தெரிந்துகொள்வது கொத்தனாரின் கடமை.

பிரெடரிக் புரூக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1986-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரை எங்கள் துறையில் மிகுந்த புகழ் பெற்றது. மென்பொருள் ஆக்குவதில் மிகக் கடினமான பகுதி, எதை ஆக்கவேண்டும் என்று திட்டமாக முடிவு செய்வதே என்று அவர் கூறினார். கேட்பவருக்கே தம் தேவை முழுவதும் தெளிவாகத் தெரிந்திருப்பதில்லை என்பதும் அவருடைய கருத்து. நோயின் மூலத்தைக் கண்ட பின்னரே மருந்தைக் கருதவேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை மருந்து அதிகாரத்தில் வகுத்த முறையை அறிந்த நமக்கு இது புதிய செய்தி அன்று. ஆயினும், அறிந்திருப்பது வேறு. அதன்படி நடப்பது வேறு. நான் அறிந்திருந்தும் நடக்கத் தவறினேன்.

எங்கள் சாந்திபுரம் கணிப்பொறியைத் தாமதமாகக் கண்ட ஊர் என்று எண்ணிவிடாதீர்கள். 2002-ஆம் ஆண்டிலேயே ஹியூலட் பக்கார்டு நிறுவனம் ஆந்திர அரசுடன் சேர்ந்து, குப்பம், சாந்திபுரம், ராமகுப்பம், குடுபல்லி, வி.கோட்டை ஆகிய ஐந்து மண்டலங்களில் ஒரு பெருமுயற்சியைத் தொடங்கியது. கிராம மக்களுக்கான கணிப்பொறி மையங்கள் எழுந்தன. அம்முயற்சியில் என் நெஞ்சில் நின்றது ஒரு சிறு காட்சி. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள், சூரிய ஒளியால் மின்னூட்டம் பெறும் படக்கருவியையும் சிறிய அச்சுப் பொறியையும் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்று நிழற்படம் எடுத்துக் கொடுத்தார்கள். கணிப்பொறி வந்துவிட்டது என்றால் கிராமத்தானுக்கு அதனால் என்ன பயன்? அடையாள அட்டைக்கு ஒரு படம் வேண்டும். அதற்காக ஒரு நாள் கூலியை இழந்து பட்டணத்துக்குப் பேருந்து ஏறக்கூடாது. அவன் தேவை அவ்வளவே. கருவியைக் காட்டி வியக்கச் செய்வதைவிட, தேவையைக் கண்டு தீர்ப்பது பெரிது என்பதை அந்தப் பெண்கள் தோளில் சுமந்து காட்டினார்கள்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பகுதியில் உள்ள ஒரு பால் கொள்முதல் நிலையத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். வைகறையில் உழவர்கள் பால் கொண்டுவருவார்கள். பாலை எடை போடுவார்கள். ஒரு சிறு கிண்ணத்தில் மாதிரி எடுத்துச் சோதனைப் பொறியில் வைத்தால், கொழுப்பு எவ்வளவு, கொழுப்பல்லாத பிற சத்து எவ்வளவு என்று அது கணக்கிட்டுச் சொல்லும். அந்த எண்களைக் கொண்டு லிட்டருக்கு இன்ன விலை என்று கணிப்பொறி கணக்கிட்டுச் சீட்டு அச்சிடும். நிலையத்தின் எழுத்தர் ஓர் அம்மையார். பத்தாம் வகுப்பு வரை படித்தவர், அமைதியானவர், பிழையின்றி வேலை செய்பவர்.

ஒரு நாள் அவர் ஒரு கோரிக்கையை முன்வைத்தார். "கொழுப்பு எண் பதிவான பிறகு, அதைத் திருத்திக்கொள்ள ஒரு வழி செய்து கொடுங்கள் சார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. விலையை முடிவு செய்யும் எண்ணையே கையால் திருத்த வழி கேட்கிறாரே என்று என் மனம் உடனே ஐயத்தில் விழுந்தது. மேற்பார்வையாளர் பக்கத்தில் இருக்கிறார், உழவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், அத்தனை பேர் முன்னிலையிலும், "ஏன்? எதைத் திருத்தப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுண்டிப் போயிற்று. "ஒன்றுமில்லை சார், விட்டுவிடுங்கள்" என்றார். நானும் என் குறிப்பேட்டில், 'கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது' என்று எழுதிக்கொண்டு வெற்றி வீரனைப் போலத் திரும்பினேன். ஏன் என்று கேட்பதுதான் நல்ல மென்பொருளாளனின் இலக்கணம் என்று நூல்களில் படித்திருந்தேன். அதைத்தானே செய்தேன் என்ற நிறைவு வேறு.

ஏழு மாதங்கள் சென்றன. விலைப் பட்டியலை மாற்றுவதற்காக மீண்டும் அங்கே சென்றேன். பழைய பதிவுகளைப் புரட்டியபோது ஒரு விந்தையைக் கண்டேன். ஒவ்வொரு நாளும் காலையில் முதற்பதிவில் மட்டும் கொழுப்பு குறைவாக இருந்தது. அந்த முதற்பதிவு எப்போதும் ஒரே உறுப்பினர் எண்ணுக்கு உரியது. அந்த எண் யாருடையது என்று பார்த்தேன். எழுத்தர் அம்மையாருடையதே!

மறுநாள் வைகறையில் சென்று, அவர் பக்கத்தில் ஒரு பலகையில் அமர்ந்தேன். வரிசை கலைந்து நிலையம் வெறிச்சோடும் வரையில் வாய் திறக்கவில்லை. பிறகு, "அம்மா, இந்த வேலையின் நுட்பம் எனக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். நாள்தோறும் உங்கள் வீட்டுப் பாலை முதலில் ஊற்றுகிறீர்களே, அது எதற்காக?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் தயங்கினார். பிறகு சொன்னார். சோதனைப் பொறியைக் காலையில் நீர் விட்டுக் கழுவுகிறார்கள். குழாயினுள் சிறிது நீர் தங்கிவிடுகிறது. அது முதல் மாதிரியோடு கலப்பதால் கொழுப்பு குறைவாகத் தெரிகிறது. இரண்டாவது மாதிரியிலிருந்து எண் சரியாகிவிடுகிறது. எல்லோருக்கும் முன்னால் வருபவர் ஒரு கிழவியார். ஒரே பசு. பாலை ஊற்றிவிட்டு அவர் கூலி வேலைக்கு ஓடவேண்டும். ஆதலால் காத்திருக்க முடியாது. நாள்தோறும் விலைக்குறைவு அவர் தலையிலேயே விழுந்தது. ஒரு நாள் ஐயம் தோன்றி அதே பாலை இரண்டாம் முறை சோதித்தபோது எழுத்தர் இதனைக் கண்டுகொண்டார். அந்த எண்ணைத் திருத்தத்தான் என்னிடம் வழி கேட்டிருக்கிறார். நான் சீறியதும், வேறு வழியின்றித் தம் வீட்டுப் பாலை முதலில் ஊற்றி, அந்த இழப்பைத் தம் கணக்கில் ஏற்றுக்கொண்டுவிட்டார். "அந்தக் கிழவியின் வயிற்றில் அடிக்க மனம் வரவில்லை சார். எங்கள் வீட்டில் இரண்டு பசு இருக்கிறது, நாங்கள் தாங்குவோம்" என்றார்.

அன்பர்களே! நான் தலைகுனிந்து அமர்ந்திருந்தேன். அவருடைய கோரிக்கையை நிறைவேற்ற அரை நாள் வேலைகூட ஆகவில்லை. நாளின் முதல் மாதிரியைச் சோதித்தாலும் அந்த எண்ணைக் கணக்கில் சேர்க்காமல், அதே பாலின் இரண்டாம் சோதனையை மட்டும் ஏற்குமாறு கட்டளையை மாற்றி எழுதினேன். எண்ணைக் கையால் திருத்தும் வழி தேவைப்படவே இல்லை. இதனை உற்று நோக்குங்கள். அவர் கேட்டதை நான் கேள்வியின்றிக் கொடுத்திருந்தால், பின்னாளில் அந்த நாற்காலியில் அமரும் எவரும் எந்த எண்ணையும் திருத்தலாம் என்னும் பெருங்கேடு விளைந்திருக்கும். கடுகடுத்து மறுத்ததால் ஒரு நல்ல மனம் ஏழு மாதம் நட்டப்பட்டது. கிழவியார் அதற்கு முன் இழந்த பணம் எவ்வளவு என்று இன்று எந்தக் கணிப்பொறியாலும் சொல்ல முடியாது. அவருடைய பாலின் உண்மையான அளவு எங்கும் பதிவாகவே இல்லை.

நான் இரண்டு முறை கேட்டதும் ஏறக்குறைய ஒரே கேள்விதான். முதல் முறை அது கதவை அடைத்தது. இரண்டாம் முறை அது கதவைத் திறந்தது. வேறுபாடு எங்கே இருந்தது? தமிழில் 'ஏன்' என்பதும் ஒரு வினா. 'எதற்கு' என்பதும் ஒரு வினா. ஏன் என்று அழுத்திக் கேட்கும்போது, கேட்கப்பட்டவர் தம்மைத் தற்காத்துக்கொள்ளத் தொடங்குகிறார். 'ஏன் வந்தாய்?' என்பது பெரும்பாலும் வந்ததே பிழை என்னும் பொருளைத் தருகிறது. 'எதற்காக வந்தீர்கள்?' என்று தாழ்ந்த குரலில் கேட்டால், வந்தவரின் வேலையை முடித்துக் கொடுக்கும் எண்ணம் புலப்படுகிறது. தெலுங்கு நண்பர்கள் இரண்டுக்குமே 'எந்துகு' என்றுதான் சொல்வார்கள். நம் 'எதற்கு' என்பதில் உள்ள 'கு' என்னும் நான்காம் வேற்றுமை உருபு அதிலும் அமர்ந்திருக்கிறது. கொடுப்பதற்கு உரிய வேற்றுமை அது! கடைப்பலகையில் அமர்ந்து என் தந்தையார் இரு மொழியிலும் கேட்டது அந்தக் கொடுக்கும் கேள்வியையே.

இக்கேள்வியின் ஆற்றலுக்கு நம்மவர் காட்டிய பெரிய சான்று ஒன்றுண்டு. மதுரையில் 1976-ஆம் ஆண்டில் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதார் இலர். 2019-ஆம் ஆண்டு முதல் நம் திருப்பதியிலும் அது பணியாற்றி வருகிறது. தொடக்க காலத்தில் அவர்கள் கிராமங்களில் முகாம் நடத்தி, கண்புரை உள்ளோரைக் கண்டறிந்து, இலவசமாக அறுவை செய்கிறோம், வாருங்கள் என்று அழைத்தார்கள். பலர் வரவில்லை. அறியாமை என்று சொல்லிக் கைவிட்டிருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. வராதவர்களிடமே சென்று காரணத்தைக் கேட்டறிந்தார்கள். பேருந்துக்குக் காசில்லை, தங்கிச் சாப்பிட வழியில்லை, துணைக்கு வருபவரின் கூலியும் போய்விடும், கத்தி என்றால் அச்சம். மருத்துவருக்கு இலவசமாகத் தோன்றியது, ஏழைக்குப் பெருஞ்செலவாக இருந்தது. உண்மை தெரிந்ததும், அழைத்துச் செல்ல வண்டியும் உணவும் தங்குமிடமும் ஏற்பாடாயின. நோயாளிகளும் வந்தார்கள்.

ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையை ஒழுங்கு செய்த தாய்ச்சி ஓனோ என்பவர், ஐந்து முறை ஏன் என்று கேட்க வேண்டும் என்ற விதியை வலியுறுத்தினார். 1978-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அவர் ஓர் உதாரணம் தருகிறார். பொறி நின்றுவிட்டது. ஏன்? சுமை மிகுந்து பியூஸ் எரிந்தது. ஏன் மிகுந்தது? தாங்கியில் எண்ணெய்ப் பசை போதவில்லை. ஏன் போதவில்லை? எண்ணெய் இறைக்கும் பம்பு சரியாக இறைக்கவில்லை. ஏன் இறைக்கவில்லை? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத்தூள் உள்ளே புகுந்தது. பியூஸை மட்டும் மாற்றியிருந்தால் பொறி மீண்டும் நின்றிருக்கும். அருமையான முறை. ஆனால், ஒன்றை மறந்துவிடலாகாது. பியூஸுக்கு மானம் இல்லை, மனிதனுக்கு உண்டு. ஒரு மனிதரை எதிரே நிறுத்தி ஐந்து முறை ஏன் என்றால், அது காவல் நிலைய விசாரணையாகிவிடும்.

ஆகவே, அந்தப் பால் நிலையத்தில் கற்ற பின்னர் நான் கைக்கொண்டுவரும் முறைகளைச் சுருங்கச் சொல்கிறேன். கோரிக்கை எதுவாயினும், கேட்டவருடைய சொற்களிலேயே முதலில் எழுதிக்கொள்கிறேன். மேலதிகாரியின் முன்னால் காரணம் கேட்பதில்லை, தனியே கேட்கிறேன். பொதுவாகக் கேளாமல், "கடைசியாக இது எப்போது தேவைப்பட்டது? அதை எனக்குக் காட்டுங்கள்" என்கிறேன். காட்டும்போது, சொல்லாத செய்திகள் தாமாக வெளிவருகின்றன. நான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லி, "சரிதானா?" என்று அவர் வாயாலேயே உறுதி பெறுகிறேன். முடியாது என்று சொல்ல நேர்ந்தால், அதன் காரணத்தையும் சொல்கிறேன். நாம் அவரிடம் காரணம் கேட்கலாம், அவர் நம்மிடம் கேட்கக்கூடாது என்பது நீதியாகாது.

எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டுக்கொண்டிருப்பதும் தவறு. 2017 ஜூலை 1-ஆம் நாள் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, கடைக்காரர் ஒருவர் தம் சீட்டின் அமைப்பை உடனே மாற்றக் கேட்டார் என்றால், எதற்காக என்று அவரை நிறுத்தி வைக்கலாமா? சட்டம் மாறிவிட்டது, மாற்றிக் கொடுப்பதே கடமை. கேள்வி கேட்பதை வேலையைத் தட்டிக் கழிக்கும் தந்திரமாக்குவோரும் எங்கள் தொழிலில் உண்டு. விடை நல்லதாயின் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன் என்னும் உறுதி இல்லாதவனுக்குக் கேட்கும் உரிமை இல்லை.

முடிக்கும் முன் நம் சங்கத்துக்கு வருகிறேன். நம் சங்கத்திடமும் ஒரு மாற்றக் கோரிக்கை வந்திருக்கிறது. விழா அழைப்பிதழைத் தமிழ் எழுத்தோடு தெலுங்கு எழுத்திலும் அச்சிடுமாறு இளைஞர் சிலர் கேட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் நம்மில் சிலருக்குச் சினம் மூண்டது. "ஏன், தமிழ் எழுத்து கசக்கிறதா?" என்ற சொல்லும் எழுந்தது. அச்சினத்தில் உள்ள தமிழ்ப்பற்றை நான் வணங்குகிறேன். ஆயினும், அந்த இளைஞர்களுள் ஒருவன் என் தங்கையின் மகன். அவனைத் தனியே அழைத்து, "எதற்காகப்பா கேட்டீர்கள்?" என்றேன். அவன் சொன்னான்: "மாமா, பாட்டிக்குக் கண் தெரியவில்லை. சங்கத்து அழைப்பிதழ் வந்தால் என்னைப் படிக்கச் சொல்கிறார். நான் பள்ளியில் தெலுங்குதான் படித்தேன். தமிழ் பேசுவேன், எழுத்து தெரியாது. படிக்கத் தெரியவில்லை என்று பாட்டியிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது."

அன்பர்களே! தமிழ் கசந்த பிள்ளையின் விடையா இது? அவன் கேட்டது தெலுங்கு எழுத்து. அவனுக்கு வேண்டியதோ பாட்டிக்குத் தமிழ் படித்துக் காட்டும் ஆற்றல். சிறுவர்களுக்கு நாம் நடத்தும் தமிழ் வகுப்பில் அமர இருபது வயது இளைஞன் கூசுகிறான். வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கென மாலை வகுப்பு ஒன்று வைத்தால் வருவாயா என்று கேட்டேன். "என்னோடு இன்னும் சிலரும் வருவார்கள்" என்றான். அழைப்பிதழைப் பற்றிச் செயற்குழு எந்த முடிவுக்கும் வரட்டும். அந்த வகுப்பைத் தொடங்குவதற்கு மட்டும் இனியும் ஓராண்டு காத்திராதிருப்போமாக. கற்பிக்க ஆள் வேண்டுமெனின் வாரத்தில் ஒரு மாலை நான் வருகிறேன்.